சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் ஒரு விரற்கடை

எனக்குப் பொறுமை கிடையாது. எட்டாம் மாசத்திலேயே பிறந்துவிட்டவள் நான். "வகுத்துக்குள்ள இருக்கும்போதே இவளுக்கு அவசரம்" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அப்பேர்ப்பட்டவளை ஆறு வருஷம் ஒரு மாப்பிள்ளைக்காகக் காக்க வைத்தார்கள். காத்திருந்த ஆறு வருஷத்தில் எனக்குக் கஷ்டமே தெரியவில்லை. கடைசி மூன்று நாள்தான் என்னை உலுக்கி எடுத்துவிட்டது.

அத்தாவுக்கு, அதாவது என் தகப்பனாருக்கு, மதுரை தெற்கு மாசி வீதியில் நூல், ஊசி, பொத்தான், சரிகை விற்கும் கடை. அத்தாவோடு கூடப் பிறந்த மாமி எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தார். மாமியின் மகனுக்குத்தான் நான் என்று எனக்குக் காது குத்துவதற்கு முன்பே பேசி முடித்துவிட்டார்கள். என்னைக் கேட்டுச் செய்யவில்லை என்று நான் வருத்தப்பட்டதும் இல்லை, ஏனென்றால் எனக்கு மச்சானைப் பிடிக்கும். இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? மச்சான் அதிகம் பேசமாட்டார், பேசினால் பொய் பேசமாட்டார். பட்டாசு வெடித்தால் காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவிடுவார். நான் வெளியே நின்று சிரிப்பேன். அப்படிப்பட்ட ஆள் சிங்கப்பூருக்குக் கப்பலேறி ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போனார்.

மூன்று வருஷம் வேலை செய்தால், கப்பலில் போகவர ஆகிற நாளும் சேர்த்து மூன்று மாசம் லீவு. அதுதான் அங்கே முறை. முதல் லீவில் வந்தபோது நிக்காஹ் வைத்திருந்தோம். வந்த பத்தாம் நாள் மச்சானின் தகப்பனார் மௌத்தாகிக் கண்ணை மூடிவிட்டார். யாருக்குக் கல்யாணத்தில் மனசு போகும்? தள்ளிப் போட்டோம். மச்சான் திரும்பிப் போய்விட்டார். இது இரண்டாவது லீவு. ஹஜ்ஜு மாசக் கடைசி வியாழக்கிழமை நிக்காஹ் என்று நாள் குறித்தாயிற்று. அதைத் தாண்டினால் முஹர்ரம், பிறகு சஃபர். அந்த இரண்டு மாசத்தில் எங்கள் ஆட்கள் அப்போதெல்லாம் கல்யாணம் வைக்கமாட்டார்கள். அது முடிவதற்குள் மச்சானின் லீவு முடிந்துவிடும். ஆகவே குறித்த கப்பலில் மச்சான் வந்தாக வேண்டும். வராவிட்டால் இன்னும் மூன்று வருஷம்.

மூன்று வருஷம் கூட நான் இருந்திருப்பேன். பெரியத்தா இருக்கவிடமாட்டார். அத்தாவுக்கு மூத்த அண்ணன் அவர், எங்கள் வீட்டில் அவர் சொன்னதுதான் சட்டம். "இந்தத் தடவையும் தள்ளிப் போச்சுன்னா நான் ஒத்துக்கமாட்டேன். திண்டுக்கல்லுல தோல்மண்டிக்காரக ரெண்டு வருஷமாக் கேட்டுக்கிட்டே இருக்காக" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். வயசு பத்தொன்பது ஆகிவிட்டது எனக்கு. அந்தக் காலத்தில் அது கிழவி வயசு.

நிக்காஹுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் தந்தி வந்தது. எங்கள் வீட்டில் இங்கிலீஷ் யாருக்கும் தெரியாது. தந்திக்காரரே வாசலில் நின்று படித்துச் சொன்னார். கப்பல் தவறிவிட்டது. நாளைக் காலையில் விமானத்தில் பினாங்கு போகிறேன். அங்கே கப்பலைப் பிடிப்பேன். அவ்வளவுதான்.

நடந்தது என்னவென்றால், கப்பல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஸருக்குக் கிளம்பும் என்று யாரோ சொன்னதை நம்பி மச்சான் ஜும்ஆவுக்குப் போயிருக்கிறார். தொழுதுவிட்டுத் துறைமுகத்துக்கு வந்து பார்த்தால் கப்பல் கடலுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. அந்தக் கப்பல் நேராக நாகப்பட்டினம் வராது. போர்ட் ஸ்வெட்டன்ஹாமில் ஒரு நாள் நின்று, பினாங்கில் நின்று, அப்புறம்தான் வரும். ரயிலில் பினாங்குக்குப் போய்ப் பிடிக்கலாம் என்றால் ஜொகூர்ப் பக்கம் வெள்ளம், ரயில் ஓடவில்லை. மிச்சம் இருந்த ஒரே வழி ஆகாசம். சிங்கப்பூரும் தீவு, பினாங்கும் தீவு. இரண்டிலும் விமானம் இறங்குகிற மைதானம் போட்டிருந்தார்கள்.

இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது தந்தியில் இருந்தது மட்டும்தான். மாமி ஓடிவந்து கூடத்தில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்காத குறையாக அழுதார். "பட்டாசுக்கே பயந்த புள்ளயாச்சே! அதப் போயி ஆகாசத்துல ஏத்திவிட்டாகளே, யா அல்லா!"

பெரியத்தா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து தாடியைத் தடவினார். வாலிபத்தில் பத்து வருஷம் பினாங்கில் இருந்தவர். கப்பல் விஷயம் எதுவானாலும் அவரிடம்தான் கேட்க வேண்டும், கேட்காவிட்டாலும் சொல்லுவார். விமானத்தை அவர் பார்த்ததில்லை. ஆனால் பஸ்ஸைப் பார்த்திருந்தார்.

"நடக்குற காரியமா இது? விளாங்குடிக்குப் போற பஸ்ஸு எப்பக் கெளம்புது? ஆள் நெறஞ்சாத்தான் கெளம்புது. மூணு மைலுக்குள்ள எத்தன எடத்துல நிக்கிது? தண்ணி ஊத்தணும்கிறான், டீ குடிக்கணும்கிறான். தரையில ஓடுற வண்டிக்கே இந்தப் பாடுன்னா ஆகாசத்துல ஓடுறதுக்கு என்னா பாடு? இவன் போயி எறங்குறதுக்குள்ள கப்பலு நாகப்பட்டணமே வந்துரும்."

"அண்ணே, அது பஸ்ஸு மாதிரி இல்லண்ணே" என்றார் அத்தா மெதுவாக.

"நீ பாத்தியா?"

அத்தாவும் பார்த்ததில்லை.

நான் உள் அறையில் கையில் மருதாணியோடு உட்கார்ந்திருந்தேன். கல்யாணப் பெண் தன் கல்யாணத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்பது ஊர் வழக்கம். பேசாமல் இருந்தால் திண்டுக்கல்லில் போய்த் தோல் நாற்றத்தில் குடித்தனம் பண்ண வேண்டியதுதான். மருதாணியைக் கழுவிவிட்டு அட்லஸை எடுத்தேன்.

அந்த அட்லஸ் என்னிடம் வந்த கதையே தனி. கடையில் பொட்டலம் மடிக்க அத்தா பழைய காகிதத்தை எடைக்கு வாங்குவார். பசுமலைப் பக்கம் ஏதோ பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கட்டுக்குள் அது கிடந்தது. நான் பார்ப்பதற்குள் ஆப்பிரிக்கா முழுவதும் பொத்தான் பொட்டலமாகப் போய்விட்டது. ஐரோப்பாவில் பாதியும் போயிருந்தது. ஆசியாவை மட்டும் நான் அழுது அடம்பிடித்துக் காப்பாற்றி வைத்திருந்தேன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன எனக்கு அதுதான் பொழுதுபோக்கு. மச்சான் இருக்கிற இடத்தை அதில் எத்தனை தடவை தடவிப் பார்த்திருப்பேன் என்று கேட்காதீர்கள், அந்த இடத்தில் மை அழிந்தே போயிருந்தது.

எனக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. அம்மாவின் தம்பி, என் மாமு, கொழும்பில் வியாபாரம் பண்ணுகிறவர். திருச்சியிலிருந்து தபால் கொண்டுபோகிற விமானம் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலில் கொழும்பில் போய் இறங்குகிறது என்று வந்தபோதெல்லாம் சொல்லி வியப்பார். போதாதா? ஒரு நூலை எடுத்து ஆசியாப் படத்தில் திருச்சிக்கும் கொழும்புக்கும் நடுவே பிடித்தேன். முக்கால் விரற்கடை. சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் பிடித்தேன். ஒரு விரற்கடை. முக்காலுக்கு இரண்டு மணிக்கு மேல் கொஞ்சம் என்றால் ஒன்றுக்கு? மூன்று மணி நேரம். நாலு தடவை அளந்து பார்த்தேன். மூன்றேதான்!

நூலையும் அட்லஸையும் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். நான் நிற்கவில்லை.

"பெரியத்தா, மூணே மணி நேரந்தான். தந்தி நேத்து சாயங்காலம் குடுத்தது. அதுல நாளைக் காலைன்னா இன்னைக்கிக் காலை. அங்க நமக்கு முந்தியே விடிஞ்சிருது. மச்சான் இந்நேரம் பினாங்குல எறங்கியிருப்பாக. மாமி, நீங்க ஏறப்போறாகன்னு அழுகுறீக, அவுக எறங்கியே போயிட்டாக!"

மாமி அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து என்னைப் பார்த்தார். அத்தா நூலை வாங்கி அவரும் ஒரு தடவை அளந்தார். நூல் அளக்கிற கை அல்லவா? சரியாகத்தான் இருக்கிறது என்று தலையாட்டினார்.

பெரியத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நூலு புடிச்சு அளக்க இது என்னா ஜாக்கெட்டுத் துணியா?" என்றார்.

அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் தவளைக்கு அக்கா. "நாளைக்கி மத்தியானம் லுஹருக்குள்ள மச்சான் பினாங்குல இருந்து தந்தி குடுப்பாக. வரலைன்னா நீங்க சொல்றபடியே நிப்பாட்டிருங்க!" என்று சொல்லிவிட்டேன்.

பெரியத்தா அத்தாவைப் பார்த்தார். "கேட்டியா? ஒம்மகளே சொல்லிட்டா. நாளைக்கி லுஹரு."

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. வாசலில் சைக்கிள் மணி அடித்தால் என் நெஞ்சும் அடித்தது. பால்காரர் போனார். கடலைமிட்டாய்க்காரர் போனார். தந்திக்காரரும் ஒரு தடவை எங்கள் தெருவில் வந்தார். எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டார். அந்த மனுஷனை அன்றைக்கு நான் திட்டியது அவருக்குத் தெரிந்தால் இன்னும் வருத்தப்படுவார். அம்மா எனக்குத் தெரியாமல் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மச்சான் விழுந்துவிட்டாரோ? விமானமே ஏறவில்லையோ? பயந்து பாதியில் திரும்பிவிட்டாரோ? என் கணக்கில் எங்கே பிசகு என்று திரும்பத் திரும்ப அளந்தேன். பிசகே இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

லுஹர் பாங்கு சொல்லியாயிற்று. பெரியத்தா பள்ளிவாசலிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அவரோடு விளாங்குடியில் விவசாயம் பண்ணுகிற சம்சாரி ஒருவரும் வந்தார். கல்யாணத்துக்கு எட்டு ஆடுகள் அவரிடம்தான் வாங்கிக் கொல்லையில் கட்டியிருந்தோம். அவற்றைத் திரும்ப ஓட்டிக்கொண்டு போகச் சொல்லி பெரியத்தா ஆள் விட்டிருந்தார். பேசின பேச்சு மாறாத மனுஷன். நிறுத்துவது என்றால் ஆட்டிலிருந்துதான் ஆரம்பிப்பார் போல.

"அவுத்து ஓட்டிட்டுப் போய்யா" என்றார்.

சம்சாரி கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். நல்ல மனுஷர், அவருக்கு இது பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையையே அவர் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ப்பது போல இருந்தது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்தேன். அப்படியும் கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது. அத்தா என் பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நாலாவது ஆட்டை அவிழ்க்கும்போது சம்சாரி பேச்சுக்காகக் கேட்டார். "மாப்ள தவறவிட்ட கப்பலு இப்ப எங்கன வந்துக்கிட்டு இருக்குங்கய்யா?"

கப்பலைப் பற்றி யாராவது கேட்டால் பெரியத்தா பதில் சொல்லாமல் இருக்கமாட்டார். ஜனாஸா தூக்கும்போது கேட்டாலும் சொல்லுவார். "அது வெள்ளிக்கிழமை மத்தியானம் சிங்கப்பூர விட்டுச்சா? சனிக்கிழமை வெள்ளன ஸ்வெட்டன்ஹாம். அங்க பூரா நாளும் சரக்கு ஏத்துவான். ராத்திரி கெளம்புவான். இன்னைக்கிப் பொழுது சாயத்தான் பினாங்குக் கரையே கண்ணுக்குத் தெரியும். ஆளுகள ஏத்துறது நாளைக்கிக் காலையிலதான். டாக்டரு நாடி புடிச்சுப் பாத்து, பொட்டியக் கெளறி..."

நான் கத்திவிட்டேன். "பெரியத்தா! கப்பலே இன்னும் பினாங்குக்குப் போகல! அப்புறம் மச்சான் எப்படி அதுல ஏறியிருப்பாக?"



எங்கள் எல்லோருக்கும் ஒரே பிசகு. கப்பல் முன்னால் ஓடுகிறது, மச்சான் பின்னால் துரத்துகிறார் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். மச்சான் எப்போதோ அதைத் தாண்டிப் போய்விட்டார் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. மூன்று மணி நேரம், மூன்று மணி நேரம் என்று தொண்டை கிழியக் கத்தினவள் நான். எனக்கே உறைக்கவில்லை. விமானத்தை அளந்தேனே தவிரக் கப்பலை அளக்கவில்லை.

"இருந்தாலும் வந்து சேந்தேன்னு ஒரு தந்தி குடுக்கலாமில்ல?" என்றாள் அம்மா.

"குடுக்கமாட்டான்" என்றார் பெரியத்தா. குரலே மாறிவிட்டது. "நம்மாளுக குடுக்கமாட்டாக. கப்பலு பலகையில கால வச்ச பொறகுதான் தந்தி. முந்தியெல்லாம் ஏறப்போறேன்னு தந்தி குடுத்தவன டாக்டரு எறக்கிவிட்டுருவான், இங்க வீட்டுல ஆடு அறுத்துக்கிட்டு இருப்பாக. அதுல இருந்து யாரும் குடுக்குறதில்ல. நானே குடுத்ததில்ல." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். தாடி ஆட ஆரம்பித்தது. பிறகு வயிறு ஆடியது. "அடப் பாவிப்பயலே! இவன் கப்பலுக்கு முன்னாடி போயி, கரையில உக்காந்து, கப்பலு வருமா வராதான்னு பாத்துக்கிட்டு இருக்கானா!"

அத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டாள். நான் அழுதுகொண்டே சிரித்தேன். பெரியத்தா என் தலையில் கை வைத்து, "ஒன் நூலு சரியாத்தான் அளந்திருக்கு புள்ள" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வந்ததில்லை.

சம்சாரி நாலு கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு முழித்தார். "அப்ப நான் ஆட்ட ஓட்டவா, வேணாமாங்கய்யா?"

"கட்டுய்யா, கட்டு! இன்னும் ரெண்டு சேத்து ஓட்டிட்டு வாய்யா!"

செவ்வாய்க்கிழமை காலையில் தந்தி வந்தது. ஏறிவிட்டேன் என்று ஒரே வரி. தந்திக்காரருக்கு மாமி வாயில் சீனியைப் போட்டார். அதற்குள் பெரியத்தா தெருத் தெருவாகப் போய், சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் விமானத்தில் மூன்று மணி நேரம் என்று தானே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தது மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். கேட்கிறவர்கள் வாயைப் பிளந்தார்கள். "தரையில பஸ்ஸு மாதிரின்னு நெனைக்காதீக, அது வேற" என்று வேறு சொன்னாராம். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். நிக்காஹ் நடந்தால் போதாதா?

நடந்தது. மச்சான் நாகப்பட்டினத்தில் இறங்கி, ரயிலேறி, திங்கட்கிழமை மதுரைக்கு வந்து சேர்ந்தார். வியாழக்கிழமை நெய்ச்சோறும் தாளிச்சாவும் தெரு முழுக்க மணத்தது. பத்து ஆடும் போதவில்லை. விளாங்குடிச் சம்சாரி புது வேட்டி கட்டிக் குடும்பத்தோடு வந்திருந்தார். கத்தரிக்காயும் வாழைத்தாரும் கொண்டுவந்து இறக்கினார். பெரியத்தா அவரைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். கப்பலைப் பற்றித்தான் பேசியிருப்பார்.

மறுநாள் காலையில் மச்சானுக்கு இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் வைத்தேன். சின்ன வயசிலிருந்து தெரிந்த ஆள்தான், இருந்தாலும் ஊமையாகிவிட்டோம். ஆனால் எனக்கு ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியாது. இத்தனை நாள் பொறுத்ததே பெரிசு.

"மச்சான், விமானத்துல போனீகளே, எம்புட்டு நேரம் ஆச்சு?"

மச்சான் இடியாப்பத்தைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "தெரியாது."

"தெரியாதா? கடிகாரம் கட்டியிருக்கீகல்ல?"

"பாக்கல. அது கெளம்புறப்ப ஒரு சத்தம் போட்டுச்சு. கண்ண மூடிக்கிட்டேன். கலிமாச் சொல்ல ஆரம்பிச்சேன். எறங்குனதும் பொட்டியத் தூக்கிக்கிட்டு விறுவிறுன்னு நடந்துட்டேன். பின்னாலயே ஓடிவந்து கூப்புடுறாக. பினாங்கு இல்லையாம், கோலாலம்பூராம். நடுவுல நிக்குமாம். திரும்ப ஏறு, இன்னும் பாதி இருக்குன்னாக. அங்க நான் அழுதே போட்டேன்."

பெரியத்தா சொன்னது முழுப் பொய்யும் இல்லை, வழியில் நிற்கத்தான் செய்கிறது என்று எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மச்சானும் லேசாகச் சிரித்தார். நெற்றியில் வேர்த்திருந்தது. சொல்லும்போதே அந்தப் பயம் திரும்ப வந்திருக்கிறது.

"அம்புட்டுப் பயமா இருந்தா எதுக்கு ஏறுனீக? ஒரு தடவ எறங்கிட்டு, எதுக்குத் திரும்ப வேற ஏறுனீக?"

மச்சான் தலையைத் தூக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "திண்டுக்கல்லுக்காரக கேக்குறாகன்னு அம்மா காயிதத்துல எழுதியிருந்துச்சு. அது இதவிடப் பயமா இருந்துச்சு."

வாயாடி என்று ஊரிடம் பேரெடுத்தவள் நான். அன்றைக்கு இன்னும் இரண்டு இடியாப்பத்தை மட்டும் எடுத்து அவர் தட்டில் வைத்தேன்.